மூன்று சீட்டு ஒட்டிய உறை

பூட்டை என்றால் கதிர். கரி என்றால் கரி.
கரிப்பூட்டை.
ஊர்க்காரர்கள் ஒரே மூச்சில் முடித்துவிட்டார்கள்.
அதற்கு மேலே சொல்ல
எனக்குச் சம்பளம்.

மூன்றாம் அலமாரி, ஐந்தாம் தட்டு,
உறை எண் நூற்றுப்பதினேழு.
பழுப்புத்தாளில் பழைய கோந்து மணம்.
மேலே ஒன்றின்மேல் ஒன்றாய் மூன்று சீட்டு.
தேநீர்க் கெட்டிலின் ஆவி காட்டி உரித்தேன்
(விதிப்படி கூடாது).

அடியில், 1961: உஸ்டிலாகோ.
அஞ்செட்டி, சேலம் மாவட்டம்.
நடுவில், 1974: ஸ்பேசிலோதீக்கா.
அஞ்செட்டி, தருமபுரி மாவட்டம்.
மேலே, 2006: ஸ்போரிசோரியம்.
அஞ்செட்டி, கிருஷ்ணகிரி மாவட்டம்.
சேகரித்தவர் மூன்றிலும் ஒருவரே,
கோ. வேங்கடசுப்பையா, கள உதவியாளர்.
அவர் கதிர் ஒடித்த மானாவாரிக் காடு
இத்தனைக்கும் ஒரு முழம் நகரவில்லை.

உஸ்டிலாகோ: தீய்ந்தது என்று அர்த்தமாம்.
நெருப்பைக் காணாமலே தீய்கிற மணிக்கு
லத்தீன்காரனும் கரியைத்தான் நினைத்திருக்கிறான்.
பிறகு ஒருவர் மணியைப் பிளந்து பார்த்தார்.
பொடி உதிர்ந்தபின் நடுவே ஒரு குச்சி நின்றது,
பயிரின் சொந்தத் தசை.
அதற்காக வீடு மாற்றினார்கள்.
பிறகு அந்த வீடே
வேறு குடும்பத்தாருடையது என்று தெரிந்து
காலி செய்யச் சொன்னார்கள்.
கூத்து என்னவென்றால்
இப்போது வைத்திருப்பதுதான்
இருநூறு வருடம் முன்பு இதற்கு முதலில் வைத்த பெயர்.

நான் மத்தூரில் பிறந்தேன்.
பிறப்புச் சான்றிதழில் தருமபுரி.
ரேஷன் கார்டில் கிருஷ்ணகிரி.
'எப்ப இங்க குடிவந்தீங்க?' என்று கேட்டார் வட்டாட்சியர் அலுவலகத்தில்.
வரவில்லை சார், என்றேன்.
அந்தக் கட்டத்தில் எழுத அவருக்கு எதுவும் இல்லை.

பதினொரு மணிக்கு அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து புட்டராஜு வந்தார்,
உரச்சாக்கில் ஏழு கதிர்.
'பயிரா நிக்கறப்ப ஒண்ணும் தெரியல மேடம்,
கதிர் வந்தப்பறம்தான்.'
அப்படித்தான் அது.
களத்தில் நாம் அடிக்கும் அடியில்
கெட்ட மணி உடைந்து நல்ல மணியில் ஒட்டும்.
நம்முடைய அறுவடை அதன் விதைப்பு.
கிலோவுக்கு நாலு கிராம் கந்தகத்தூள் கலந்து விதையுங்கள், என்றேன்.
தலையாட்டினார்.
அவருடைய கண் மேசையில் கிடந்த சீட்டுகள் மேல்.
'பேரை மாத்திட்டா வீரியம் கொறையுமா?'

கண்ணாடித் தகட்டை அவர் பக்கம் திருப்பினேன்.
ஒரு கண்ணை மூடவே
கொஞ்ச நேரம் ஆனது அவருக்கு.
'ராகி கொட்டின மாதிரி இருக்கு.'
உண்மைதான். பழுப்பு, உருண்டை, வழவழப்பு.
குறுக்களவு ஆறு மைக்ரான் என்று நான் எழுதியிருந்ததை
அடித்துவிட்டு ராகி என்று எழுத
ஒரு கணம் கை போனது.

ஆறு கதிர் அடையாளம் தெரிந்தது.
ஏழாவதில்
மணிகள் ஒழுங்காய் இல்லை, அங்கொன்று இங்கொன்று.
வித்துகள் தனித்தனியாய் உதிராமல்
பந்து பந்தாய், நசுக்கினாலும் விடாமல்.
நீண்ட பூட்டை என்று பார்த்தால் நீளம் போதாது.
வகைப்பாட்டுத் திறவுகோலில்
பன்னிரண்டாம் படிவரை இறங்கினேன்.
'ஆம் எனில் 13, இல்லை எனில் 15.'
ஆமும் இல்லை, இல்லையும் இல்லை.
ரகமத்துன்னிசா மேடம் எண்ணெய் லென்சில் பார்த்துவிட்டு
சாப்பிடப் போகலாமா என்றார்.

புது உறை எடுத்தேன்.
பேரினம் இருக்கவேண்டிய இடத்தில்
பென்சிலால் ஒரு கேள்விக்குறி.
யோசித்து, மாவட்டத்தையும் பென்சிலில் எழுதினேன்.
அஞ்செட்டிக்குத்தான் பேனா.

குழாயில் தண்ணீர் வரவில்லை.
கரி அப்பிய விரலோடு பஸ் ஏறி
மத்தூர் ஒன்று, என்றேன்.
கண்டக்டர் தந்த மீதிச் சில்லறையிலும்
பக்கத்து இருக்கைக் குழந்தையின் பிஸ்கட் கவரிலும்
எத்தனை ஒட்டிக்கொண்டதோ,
நான் எண்ணவில்லை.